நாலு விரல்

செந்தரையில் காலை எழுந்ததும் பல் துலக்குவார்கள், முகம் கழுவுவார்கள், பிறகு முகம் போட்டுக்கொள்வார்கள். காப்பி அதற்குப் பிறகுதான். முகம் போடாமல் காப்பி குடிப்பவர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் நல்லவிதமாகப் பேசமாட்டார்கள்.

கண்ணாடி அலமாரிக்குள் தலையை நீட்டி நான்கு வினாடி மூச்சைப் பிடித்துக்கொண்டால் போதும். வெங்காயத் தோலைவிட மெல்லிய படலம் ஒன்று நெற்றியில் தொடங்கித் தாடை வரை வழிந்து, தோலின் துளைகளில் வேர்விட்டதுபோலப் பிடித்துக்கொள்ளும். நாம் சிரித்தால் அது சிரிக்கும், தும்மினால் தும்மும். அதற்கு மேல்முகம் என்று பெயர்.

செவ்வாய்க் கிரகத்தின் அந்தக் குடியிருப்பில் காற்று அளந்துதான் கிடைக்கும். கதவு ஒவ்வொன்றும் எதிரே நிற்பவரின் முகத்தைப் பதிவுப்படத்தோடு ஒப்பிட்டு, அவருக்கான காற்றை உள்ளே அனுப்பிய பிறகே திறக்கும். ஆரம்பத்தில் பதிவுப்படத்துக்கு உட்கார வந்தவர்கள் எல்லோரும், “கொஞ்சம் பாத்துப் போடுங்க” என்று படமெடுப்பவரிடம் கேட்டுக்கொண்டார்கள். அவரும் பார்த்துப் போட்டார். பரு போயிற்று, வழுக்கை போயிற்று, மூக்குகள் அளவோடு நின்றன. படங்கள் பிரமாதமாக வந்தன. கதவுகள்தான் திறக்கவில்லை. படத்தை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிவிடலாமே என்று ஒரு பொறியாளர் சொன்னார். அதற்குப் பிறகு அவரை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. ஆளைப் படத்துக்குத் தகுந்தபடி மாற்றும் மேல்முகம் மூன்றே மாதத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

அந்தப் படமெடுப்பவர் அருமைநாயகம். வயது ஐம்பத்திரண்டு. மேல்முகத்தில் முப்பத்தெட்டு. தன் படத்தைத் தானே எடுத்துத் தானே மெருகேற்றிக்கொண்டவர் என்பதால் தாராளமாக நடந்துகொண்டிருந்தார். அவர் மனைவி எஸ்தர் அவருடைய சொந்த முகத்தைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அவரே பார்த்து அதைவிட இரண்டு வருஷம் கூட.

அவரிடம் ஒரு நாள் காலை ஒரு மனு வந்தது. நான்கே வரி.

‘ஐயா, நினைவு மண்டபத்து வாசலில் மாட்டியிருக்கும் என் படத்தைத் தயவுசெய்து கழற்றிவிடவும். அது அங்கே இருப்பதால் நான் உள்ளே போக முடியவில்லை. இந்த வருஷமாவது போயாக வேண்டும். இப்படிக்கு, சங்கிலிமுத்து, மூன்றாம் சுரங்கப் படை.’

அருமைநாயகம் மனுவை மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். மூடிய பிறகும் அது உள்ளேதான் இருந்தது.

பனிச்சுரங்கப் போர் நடந்து முப்பது வருஷம் ஆகிறது. செந்தரைக்குத் தண்ணீர் தரும் பனிப்பாளத்தைப் பக்கத்துக் குடியிருப்பு பிடித்துக்கொள்ள வந்தபோது, சுரங்கத் தொழிலாளிகளே படையாக நின்று காப்பாற்றினார்கள். நினைவு மண்டபம் கட்டியது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால்தான். பிழைத்து வந்தவர்களை அப்போது அருமைநாயகம்தான் உயிர்ப்படங்களாக எடுத்தார். நூற்றுநாற்பத்துநான்கு கண்ணாடிவில்லைகளுக்கு நடுவே ஏழு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். பிறகு சட்டத்துக்குள்ளிருந்து அந்த முகம் கண்ணைச் சிமிட்டும், கேட்டால் நாலு வார்த்தை பேசும். படம் இல்லாமல் செத்தவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. நினைவு நாளன்று பிழைத்த வீரர் ஒருவர் மண்டபத்துக்குள் நின்று இறந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும். இன்னொருவர் ‘கேட்டேன்’ என்று சொல்ல வேண்டும். உடனே சுவர் அந்தப் பெயரைத் தன்மேல் பொறித்துக்கொள்ளும். ஒருவர் சொன்னால் மட்டும் போதாது, யாராவது கேட்டிருக்கவும் வேண்டும் என்று மண்டபத்தைக் கட்டியவர்கள் நினைத்தார்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட ஆட்கள் இருந்தார்கள்.

பிழைத்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர் சங்கிலிமுத்து ஒருவர்தான்.

மூன்றாம் நாள் இழுப்பறையின் தொல்லை தாங்காமல் அருமைநாயகம் பழைய குடியிருப்புக்குப் போனார். அங்கே இன்னும் கையால் சக்கரத்தைச் சுழற்றித் திறக்கும் இரும்புக் கதவுகள்தான். முகம் பார்க்காத கதவுகள்.

“யாரு?”

“அருமைநாயகம், அண்ணாச்சி. படம் எடுத்தவன்.”

கதவு திறந்தது. எழுபத்தொரு வயது சங்கிலிமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“பன்னெண்டு வருசத்துல ஒமக்கு வயசு கொறஞ்சிருக்கு. என்ன வே திங்கீரு?”

அருமைநாயகத்தால் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. சங்கிலிமுத்துவின் இடது கன்னத்தில் ஒரு கை பதிந்திருந்தது. காதோரம் கட்டைவிரல், தாடையை நோக்கி மூன்று விரல்கள். வெந்து, இறுகி, பளபளத்த நாலு விரல். சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் நல்ல தோல்.

அது கனகுவின் கை. மூன்றாம் சுரங்கத்தில் காற்றுக்குழாய் வெடித்துத் தீப்பிடித்தபோது கனகுவை முதுகில் தூக்கிக்கொண்டு சங்கிலிமுத்து ஓடினார். கனகுவின் உலோகக் கையுறை நெருப்பில் பழுத்திருந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை. விழாமல் இருக்கத் தோழனின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். சுண்டுவிரலை அவன் ஏற்கெனவே துளையிடும் எந்திரத்துக்குக் கொடுத்திருந்தான். வெளியே வந்து இறக்கியபோது அவன் உயிரோடு இல்லை. அவனுக்குக் குடும்பம் கிடையாது, படமும் கிடையாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏழு மணி நேரம் உட்கார்ந்து முடித்து எழுந்தபோது சங்கிலிமுத்து ஒன்றே ஒன்று கேட்டார். “மத்ததை என்னவும் பண்ணும். இந்தக் கன்னத்தை மட்டும் தொட்டுராதீரும். அவனுக்குன்னு இருக்க படம் இது ஒண்ணுதான்.”

“தொட மாட்டேன் அண்ணாச்சி” என்றார் அருமைநாயகம்.

நினைவுக் குழு அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, குழந்தைகள் பயப்படுவார்கள் என்றது. அரை நிமிட வேலை. கன்னம் வழுவழுப்பானது. சும்மா இருக்க வேண்டாம் என்று கண்ணிலும் கொஞ்சம் ஒளி போட்டுக்கொடுத்தார். குழு பாராட்டியது. அந்தப் படமே சங்கிலிமுத்துவின் பதிவுப்படமும் ஆயிற்று. மேல்முகமோ தோலின் துளைகளைப் பிடித்து ஒட்டுவது. வெந்த தோலில் துளை ஏது? ஊரில் எல்லோருக்கும் படத்தைப்போல ஆக ஒரு வழி இருந்தது. அவருக்கு மட்டும் இல்லை.

“பன்னெண்டு வருசமும் வாசல் வரைக்கும் போவேன்” என்றார் சங்கிலிமுத்து, தேநீரை ஆற்றிக்கொண்டே. “என் படம் மேல இருந்து ‘வருக’ங்கும். கதவு ‘முகம் பொருந்தவில்லை’ங்கும். ரெண்டுல யாரு சொல்றதக் கேக்கன்னு நின்னுக்கிட்டிருப்பேன். ஒலிபெருக்கில கூட்டம் முடிஞ்சதும் வந்துருவேன்.”

“முன்னமே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி.”

“அடுத்த வருசம் சரியாயிரும்னு நெனச்சேன். இப்போ வைத்தியர், அடுத்த வருசம்ங்கிற பேச்சே வேண்டாம்ங்காரு. நெஞ்சுல பாதிதான் வேலை செய்யுதாம். நான் போயி அவன் பேரைச் சொல்லலன்னா சொல்ல ஆளு கிடையாது வே. அந்தக் கதவுக்கு என்னதான் கேடு?”

அருமைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஏதோ தொழில்நுட்பக் கோளாறு போல.”

அந்தத் தொழில்நுட்பக் கோளாறு அவருடைய தேநீரை முழுசாகக் குடித்துவிட்டு, இரண்டு முறுக்கும் தின்றுவிட்டுக் கிளம்பியது.

நினைவுக் குழுத் தலைவி சௌந்தரநாயகி நல்ல பெண்மணி. அவர் கண்ணில் எப்போதும் ஈரம் இருக்கும். மேல்முகத்திலேயே அதைச் சேர்க்கச் சொல்லியிருந்தார்.

“அந்தப் படம் மூணாம் வகுப்புப் பாடத்துல இருக்கு, மாவு டப்பாவுல இருக்கு” என்றார் அவர். “இப்பப் போய்க் கன்னத்துல தழும்பு போட்டா ஜனங்க யாருன்னு கேப்பாங்க.”

“சங்கிலிமுத்துன்னு சொல்லலாம்.”

“சங்கிலிமுத்துவைத்தான் எல்லாருக்கும் தெரியுமே. மேலும் அவர் படம் எவ்வளவு அழகாப் பேசுது. அவரைவிடக் கோவையாப் பேசுது. ஒண்ணு செய்யுங்களேன், அவர் உள்ளே வந்து சொல்லணும்ங்கிற அந்தப் பேரையும் படத்தையே சொல்ல வச்சிருங்க.”

இது அருமைநாயகத்துக்கும் சுலபமாகத் தெரிந்தது. சுலபமாகத் தெரிந்ததாலேயே ஓடிப்போய்ச் சங்கிலிமுத்துவிடம் சொன்னார். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்தப் படத்துக்குக் கன்னத்துல தழும்பு இருக்கா வே?”

அப்போதுதான் அருமைநாயகத்துக்குப் புரிந்தது. பன்னிரண்டு வருஷமாக வாசலில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற மனிதருக்கு அது தெரியாமல் இருக்குமா? ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. முறுக்கு கொடுத்தபோதும் தெரிந்திருக்கிறது.

“இல்ல அண்ணாச்சி” என்றார். “நான்தான் அழிச்சேன்.”

“ம்” என்றார் சங்கிலிமுத்து. “அப்போ அதுக்குக் கனகுவைத் தெரியாது. தெரியாதவன் எப்படிப் பேரு சொல்லுவான்?”

திட்டியிருந்தால் அருமைநாயகம் நன்றாகத் தூங்கியிருப்பார். திட்டாததால் யோசிக்க வேண்டியதாயிற்று. தனியொருவரின் படத்தை மாற்றக் குழுவின் சம்மதம் வேண்டும். ஆனால் மெருகுகள் எல்லாம் அசல் படங்களின்மேல் ஓர் அடுக்காகத்தான் போர்த்தப்பட்டிருந்தன. ஏதாவது ஒரு கதவில் அந்த அடுக்கு முழுவதையும் எடுத்துவிட்டுத் தூசு தட்ட, வருஷத்தில் ஒரு மணி நேரம் அவருக்கே அதிகாரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரம் கதவு அசல் படங்களை மட்டும் வைத்து ஒப்பிடும். பன்னிரண்டு வருஷ நரையும் சுருக்கமும் அதற்கு ஒரு பொருட்டல்ல, மூப்பைக் கணக்கிட அதற்குத் தெரியும். மண்டபக் கதவைத் தேர்ந்தெடுத்து, நினைவு நாள், காலை பத்து மணி என்று குறித்தார். அன்றைக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் உயர்வாகக்கூட நினைத்துக்கொண்டார்.

ஒரு முகத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவர் மீதி நாலாயிரம் முகங்களை மறந்துவிட்டார். எல்லாம் அவரே போட்டுக்கொடுத்த முகங்கள்.

நினைவு நாளன்று பத்து அடிக்க, சௌந்தரநாயகி முதல் ஆளாகக் கதவின் முன் நின்றார்.

“முகம் பொருந்தவில்லை” என்றது கதவு. “சொந்த முகத்துடன் வரவும்.”

தலைவி சிரித்துக்கொண்டே பின்வாங்கினார். அடுத்தவர் முயன்றார். அதற்கடுத்தவரும். கால் மணி நேரத்தில் நடைகூடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. படலத்தின் ஓரத்தைக் காதுக்குப் பின்னால் நகத்தால் கிள்ளி இழுத்தால் முழுசாக வந்துவிடும், இரண்டு வினாடிகூட ஆகாது. நாலாயிரம் பேருக்கும் இது தெரியும். ஆனால் ஒரு நகம்கூடக் காதுப்பக்கம் போகவில்லை. கணவர்கள் மனைவிகளைப் பார்த்தார்கள், மனைவிகள் தரையைப் பார்த்தார்கள். கதவு பழுதாகிவிட்டது என்று யாரோ சொன்னதும் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அப்போது சங்கிலிமுத்து ஊன்றுகோலோடு நடந்து வந்தார். கூட்டம் அவரை அடையாளம் காணவில்லை, ஆனாலும் வழி விட்டது.

“பெரியவரே, கதவு கெட்டுப்போச்சு” என்றாள் ஒரு பெண், இரக்கத்தோடு. “வீணா நடக்காதீங்க.”

“பரவால்ல தாயி. எனக்கு இது பழக்கந்தான்.”

கதவு அவரை ஒரு கணம் பார்த்தது. “வருக, சங்கிலிமுத்து” என்று திறந்தது.

மேலே சட்டத்துக்குள்ளிருந்த வழுவழுப்பான சங்கிலிமுத்துவும் அதே நேரத்தில் “வருக” என்றது. கூட்டம் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தது. கதவு மூடிக்கொண்டது.

வெளியே ஒலிபெருக்கியில் முதலில் இருமல் கேட்டது. பிறகு குரல்.

“மூணாம் சுரங்கப் படை, கனகமணி. நாங்க கனகுன்னு கூப்பிடுவோம். நல்லாப் பாடுவான்னு அவனே சொல்லிக்கிடுவான். பாட்டு வராது.”

சுவர் தன் விதிப்படி கேட்டது. “கேட்டவர் யார்?”

நடைகூடத்தில் நாலாயிரம் பேர் கேட்டிருந்தார்கள். மண்டபத்துக்குள் ஒருவரும் இல்லை.

“கேட்டவர் யார்?”

மூன்று முறைதான் கேட்கும். அருமைநாயகம் கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தன் முகம் நினைவுக்கு வந்தது. இரட்டைத் தாடை, அம்மைத் தழும்பு, புருவம் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லாத புருவம். பக்கத்தில் எஸ்தர். இந்த நேரத்தில் வேறு யாராவது போனால் நன்றாயிருக்குமே என்று அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அதே காரணத்துக்காகச் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் நகத்தைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனார். படலம் உரியும் சத்தம் நடைகூடம் முழுக்கக் கேட்டதுபோல இருந்தது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. எஸ்தர் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, “சீக்கிரம் போங்க” என்றாள், கல்யாணமான புதிதில் பேசிய குரலில்.

“வருக, அருமைநாயகம்.”

உள்ளே ஓடினார். “கேட்டவர் யார்?” என்று சுவர் கடைசி முறையாகக் கேட்டது.

“கேட்டேன்” என்றார்.

கல்லில் ‘கனகமணி’ என்று எழுத்து எழுத்தாக விழுந்தது. சங்கிலிமுத்து அதைத் தடவிப் பார்த்தார். பிறகு திரும்பி இந்தப் புதிய ஆளை உற்றுப் பார்த்தார்.

“நீரு யாரு வே?”

“அருமைநாயகம், அண்ணாச்சி.”

“அட.” சங்கிலிமுத்து கொஞ்சம் யோசித்தார். “போட்டோவுல நல்லாருப்பீரு.”

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்ல பெயர்.

செந்தரை மனம் உருகிவிட்டது. அந்தக் காட்சியை எல்லோரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து அழுதார்கள். நினைவுக் குழு இரண்டு தீர்மானங்கள் போட்டது. ஒன்று, நினைவு நாளன்று மெருகு அடுக்கை எடுத்ததற்காக அருமைநாயகம் பதவி நீக்கம் செய்யப்பட்டார். கீரைத் தோட்டத்தில் ஈரம் பார்க்கும் வேலை கிடைத்தது. அதற்கு முகம் தேவையில்லை. “கொஞ்சம் தேஞ்சிருக்கு, ஆனா அதே மூஞ்சிதான்” என்று எஸ்தர் சொன்னதால் அவரும் அதற்குப் பிறகு மேல்முகம் போடவில்லை. இரண்டு, சங்கிலிமுத்துவின் படத்தில் அந்தத் தழும்பைச் சேர்ப்பது என்று ஒருமனதாக முடிவானது.

படத்தைத் திருத்தும் வேலை இப்போது எந்திரத்திடம். பன்னிரண்டு வருஷம் அருமைநாயகத்தின் கையைப் பார்த்தே பழகிய எந்திரம் அது. எது குறை, எதை நிரப்ப வேண்டும் என்று அவரிடமிருந்துதான் கற்றிருந்தது. தழும்பைப் போட்டது. நாலு விரல் என்றால் ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கிறதே என்று ஐந்தாவதையும் போட்டது. அவர் போட்டிருந்தால் எப்படி இருக்குமோ அப்படியே, ஒட்டுத் தெரியாமல். குழு பாராட்டியது. பாடப்புத்தகமும் மாவு டப்பாவும் மாறின. மேல்முகத்திலும் ‘வீரத்தழும்பு’ என்று ஒரு வகை வந்தது. எல்லோரும் புதிதாகப் படம் பதிந்துகொண்டார்கள். இரண்டு மாதத்தில் ஊரில் தழும்பில்லாத கன்னம் கிடையாது. சௌந்தரநாயகி இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

வைத்தியரை ஏமாற்றிவிட்டு அடுத்த வருஷமும் வந்தது, சங்கிலிமுத்துவும் இருந்தார். முன்வரிசையில் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், சாய்மானத்தில் அவர் பெயரோடு.

“முகம் பொருந்தவில்லை” என்றது கதவு.

நாலாயிரம் ஐந்துவிரல் கன்னங்கள் அவரைக் கடந்து உள்ளே போயின. அருமைநாயகம் உள்ளே போகவில்லை. இருவரும் வாசலுக்கு எதிரே சுவரோரமாகக் கால் நீட்டி உட்கார்ந்து ஒலிபெருக்கியைக் கேட்டார்கள். மாவீரர் சங்கிலிமுத்து உடல்நிலை காரணமாக வர இயலவில்லை என்று தலைவி வருத்தம் தெரிவித்தார்.

“அந்த அஞ்சாவது விரலு யாருது வே?” என்றார் சங்கிலிமுத்து, மேலே பார்த்தபடி.

அருமைநாயகம் தன் சுண்டுவிரலைப் பார்த்தார். “என்னுதுதான் அண்ணாச்சி.”

“சரி, பேரு உள்ள இருக்குல்லா. அது போதும்.”

தாமதமாக வந்த ஒரு குடும்பம் படத்தின் கீழ் வந்து நின்றது. அப்பா, அம்மா, பெண், மூவர் கன்னத்திலும் ஐந்து ஐந்து விரல்கள். மாவீரரோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளாமல் உள்ளே போக அவர்களுக்கு மனம் வரவில்லை.

“ஐயா, ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா?” என்று அந்த அம்மாள் கருவியை அருமைநாயகத்திடம் நீட்டினாள். முப்பது வருஷத்துப் பழக்கம், அவர் கை தானாக நீண்டது. எழுந்து, பின்வாங்கி, எடுத்துக்கொடுத்தார்.

அம்மாள் படத்தை அருகே வைத்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது. நல்ல படம்தான், ஆனால் ஓரத்தில் சுவரோடு சாய்ந்தபடி ஒரு கிழவரும் விழுந்திருந்தார்.

“இவரை மட்டும் இதுல இருந்து எடுத்துர முடியுமா?” என்று தணிந்த குரலில் கேட்டாள்.

அருமைநாயகம் பதில் சொல்ல வாயெடுத்தார். முடியும். அரை நிமிட வேலை. உலகத்தில் அவரைவிட நன்றாக அதைச் செய்யத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அதற்குள் சங்கிலிமுத்து ஊன்றுகோலைப் பிடித்து எழுந்துவிட்டார்.

“எதுக்கும்மா அவருக்குச் செரமம்” என்றபடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். “இன்னொண்ணு எடுத்துக்கிடுங்க.”